போகோட்டாவில் தெருமுனைக் கடையில் மதியச் சாப்பாடு: வாசல் பலகையிலிருந்து பில் வரை

கொலம்பியாவின் தலைநகர் போகோட்டாவில் எந்தக் குடியிருப்புப் பகுதியில் நடந்தாலும் இப்படி ஒரு கடை கண்ணில் படும்: ஏழெட்டு மேசை, மூலையில் சத்தமாக ஓடும் டிவி, வாசலில் கையால் எழுதிய பலகை. மதியம் அங்கே கிடைக்கும் செட் சாப்பாட்டைப் பேச்சில் ‘கொர்ரியெந்தாசோ’ என்பார்கள். பலகையில் ‘அல்முவெர்சோ’ என்றோ ‘மெனூ தெல் தியா’ என்றோ எழுதியிருக்கும். எல்லாம் ஒன்றுதான்.

புதிதாக வருபவர்கள் திணறுவது சாப்பிடும்போது அல்ல, உட்கார்ந்த முதல் ஒரு நிமிடத்தில். மெனு கார்டு வரும் என்று காத்திருப்பார்கள். வராது. பரிமாறும் பெண்மணி வந்து நின்றபடியே பத்துப் பன்னிரண்டு பெயர்களை மூச்சுவிடாமல் அடுக்குவார். புரியாமல் ‘சி, சி’ (ஸ்பானிஷில் ‘ஆமாம்’) என்று தலையாட்டினால் மாட்டுக் குடல் சூப் வந்து நிற்கும். முடிவுகளை வாசலிலேயே எடுத்துவிட்டு உள்ளே போவதுதான் இதற்கு வழி. கீழே உள்ள வரிசை அந்தக் கணக்கில் போட்டது.

1. கிளம்பும் முன்

சின்ன நோட்டுகள் வேண்டும். இருபதாயிரம் பெசோ நோட்டும் அதற்குக் கீழும் இருந்தால் சிக்கல் இல்லை. ஏடிஎம் பெரும்பாலும் ஐம்பதாயிரம் நோட்டாகத் தள்ளும். அதை நீட்டினால், கடைக்காரர் பக்கத்துக் கடைக்குச் சில்லறை தேடி ஓட வேண்டியிருக்கும். முந்தைய நாளே சூப்பர் மார்க்கெட்டில் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டை நம்பிப் போகாதீர்கள். உள்ளூர்க்காரர்கள் ‘நெகி’ என்ற மொபைல் வாலட்டில் கியூஆர் ஸ்கேன் செய்து கட்டுவார்கள். சுற்றுலா வந்தவருக்கு அது கைகொடுக்காது. ரொக்கம் எல்லாக் கடையிலும் செல்லும்.

விலையில் வரும் புள்ளியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 15.000 என்றால் பதினைந்தாயிரம். நாம் காற்புள்ளி போடும் இடத்தில் அவர்கள் புள்ளி வைப்பார்கள். சாதாரணப் பகுதியில் ஒரு செட் சாப்பாடு ஏறக்குறைய பன்னிரண்டாயிரத்திலிருந்து இருபதாயிரம் பெசோவுக்குள் முடிந்துவிடும்.

காரத்தை எதிர்பார்க்காதீர்கள். தென் அமெரிக்கா என்றாலே மிளகாய் என்று பலர் நினைக்கிறார்கள். போகோட்டாச் சமையலில் உப்பும் வெங்காயத்தாளும் கொத்தமல்லியும்தான் முன்னால் நிற்கும். காரம் தனியாக ஒரு கிண்ணத்தில் வரும், அதைப் பிறகு பார்ப்போம்.

கேமராவால் மொழிபெயர்க்கும் செயலி போதும் என்று தோன்றும். அச்சடித்த மெனுவுக்குச் சரி. சாக்பீஸ் கையெழுத்தில் அது அடிக்கடி உளறும். கீழே வரும் சொற்களைக் குறித்து வைத்துக்கொள்வது அதைவிட வேகம்.

2. நேரம்

பன்னிரண்டு மணிக்குப் போங்கள். தாமதமானால் ஒன்றரைக்கு. இடையில் அலுவலகக் கூட்டம் மொத்தமும் உள்ளே இருக்கும். அந்த நேரத்தில் பரிமாறுபவருக்கு உங்கள் ஸ்பானிஷைக் கேட்கப் பொறுமை இருக்காது, அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இரண்டில் பன்னிரண்டு மணிதான் என் தேர்வு. இந்தக் கடைகளில் காலையிலேயே பெரிய பானைகளில் ஒரே தடவையாகச் சமைத்து வைத்துவிடுவார்கள். ஒரு வகை தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஒன்றரைக்குப் போகிறவருக்குப் பலகையில் இருக்கும் பாதிக்கு ‘செ அகபோ’ என்ற பதில் கிடைக்கும், அதாவது முடிந்துவிட்டது. இரண்டரை, மூன்று மணிக்கெல்லாம் நாற்காலியைக் கவிழ்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கணக்கு வேறு. அலுவலகத்தை நம்பி நடக்கும் கடைகள் மூடியிருக்கும். திறந்திருப்பவை குடும்பங்களுக்கான கடைகள், விலையும் கூடுதல்.

3. எந்தக் கடை

அலுவலக அடையாள அட்டை கழுத்தில் தொங்குபவர்களும் கட்டட வேலைக்காரர்களும் ஒரே கடைக்குள் போவதைப் பார்த்தால் நீங்களும் போகலாம். பானை சீக்கிரம் காலியாகும் கடையில் பழைய சாப்பாடு இருக்க வாய்ப்பு குறைவு.

தேதி மாறாமல் எப்போதும் ஒரே பலகையை வைத்திருக்கும் கடையைத் தாண்டிப் போங்கள். தினமும் அழித்து எழுதுகிறார்கள் என்றால் அன்றைக்குச் சந்தையில் கிடைத்ததைச் சமைக்கிறார்கள் என்று பொருள். பிளாஸ்டிக் உறையில் படம் போட்ட மெனுவும் வாசலில் நின்று கூப்பிடும் ஆளும் இருந்தால் அது சுற்றுலாக்காரர் கடை. பழைய நகரமான லா கண்டெலாரியா பகுதியில் இப்படி நிறைய உண்டு. சாப்பாடு மோசமில்லை, அதே தட்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பீர்கள், அவ்வளவுதான்.

தயக்கமாக இருந்தால் சந்தைக்குள் இருக்கும் கடைகளில் தொடங்கலாம். லா பெர்செவெரான்சியா சந்தையிலும் பலோகெமாவ் சந்தையிலும் சமைப்பது கண்ணெதிரே நடக்கும். பெயர் தெரியாவிட்டால் பானையைக் கைகாட்டிக் கேட்கலாம், அந்த வசதி தெருக் கடையில் கிடையாது.

4. பலகையைப் படிப்பது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். பலகை எப்படி இருந்தாலும் உங்களிடம் கேட்கப்போவது மூன்று கேள்விகள், வரிசையும் மாறாது: சூப், பிரின்சிப்பியோ, இறைச்சி. சாதம், சாலட், ஏதாவது ஒரு கிழங்கு அல்லது வாழைக்காய், குடிக்க ஒரு ஜூஸ் ஆகியவை தானாக வரும். அவற்றைத் தேட வேண்டாம்.

முதல் கேள்வி, ‘சோப்பா’. அதாவது சூப். சான்கோச்சோ என்றால் மரவள்ளிக்கிழங்கு, வாழைக்காய், உருளைக்கிழங்கு, சோளத்தோடு கோழியோ மாட்டிறைச்சியோ போட்டுக் கொதிக்க வைத்தது. அஹியாக்கோ போகோட்டாவின் சொந்தச் சூப்: மூன்று வகை உருளைக்கிழங்கு, கோழி, சோளம், ‘குவாஸ்காஸ்’ என்ற கீரை. கூடவே கிரீமும் கேப்பர் மொக்கும் அவகாடோவும் வரும். குச்சூக்கோ கோதுமை ரவை போன்ற உடைத்த தானியத்தில் செய்வது, பன்றி முதுகெலும்பு போட்டிருப்பார்கள். மொந்தோங்கோ குடல் சூப். மெனுதென்சியாஸ் என்று பார்த்தால் கோழியின் ஈரல், இரைப்பை, இதயம் வகையறா. ‘கிரேமா தெ’ என்று தொடங்கினால் காய்கறியை அரைத்த சூப், பயப்பட ஒன்றுமில்லை.

சூப் வேண்டாம் என்றால் பல கடைகளில் அதற்குப் பதில் பழம் தருவார்கள். ‘சோப்பா ஓ ஃப்ரூத்தா?’ என்று அவர்களே கேட்பார்கள். புதியவர்கள் இதை உணவுக்குப் பிந்தைய பழம் என்று நினைத்து இரண்டுக்கும் சரி என்று சொல்லிவிடுகிறார்கள். இரண்டில் ஒன்றுதான்.

இரண்டாவது, ‘பிரின்சிப்பியோ’. பெயரைப் பார்த்து முதலில் வரும் பண்டம் என்று எண்ண வேண்டாம். சாதத்துக்குப் பக்கத்தில் வைக்கும் கூட்டு இது. ஃப்ரிஹோலெஸ் (சிவப்பு பீன்ஸ்), லென்தேஹாஸ் (மசூர் வகைப் பயறு), கார்பான்சோஸ் (கொண்டைக்கடலை), அர்வேஹா (பட்டாணி) ஆகியவை அடிக்கடி வரும். சில நாள் பாஸ்தா இருக்கும். சாதத்துக்குப் பக்கத்தில் பாஸ்தாவைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், இங்கே அது வழக்கம். பயறு இருக்கும் நாளில் பயறையே எடுங்கள் என்பேன். நம் நாக்குக்கு அந்தத் தட்டில் அதுதான் முதலில் பழகும்.

மூன்றாவது, இறைச்சி. பலகையில் ‘கார்னேஸ்’ அல்லது ‘ப்ரோதெயினா’ என்ற தலைப்பின் கீழ் இருக்கும். போயோ என்றால் கோழி, பெச்சூகா கோழி நெஞ்சுக்கறி, செர்தோ பன்றி, பெஸ்காதோ மீன். மொஹார்ரா என்பது முழுசாகப் பொரித்த மீன், முள் உண்டு. ‘சுதாதோ’ என்று சேர்ந்து வந்தால் தக்காளி, வெங்காயத்தோடு மூடி வேகவைத்தது, ‘அ லா ப்ளான்ச்சா’ என்றால் கல்லில் வாட்டியது. நம் ஆட்களுக்கு ‘போயோ சுதாதோ’ பெரும்பாலும் பிடித்துவிடுகிறது. குழம்பு இருப்பதால் சாதம் இறங்கும்.

5. சாப்பிடாதவற்றைச் சொல்வது

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கடைகளில் வெறும் ‘கார்னே’ என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். கார்னே அசாதா, கார்னே மொலீதா, பிஸ்தெக் எல்லாம் அப்படியே. சோப்ரேபரீகா என்பது மாட்டின் வயிற்றுப் பகுதிக் கறி, லெங்குவா நாக்கு. அல்போந்திகாஸ் எனப்படும் உருண்டைகளில் மாடும் பன்றியும் கலந்திருக்கலாம். சந்தேகம் வந்தால் ‘எஸோ யேவா ரெஸ்?’ என்று கேளுங்கள், இதில் மாடு இருக்கிறதா என்று பொருள். பன்றிக்கு ‘ரெஸ்’ இருக்கும் இடத்தில் ‘செர்தோ’.

சைவர்களுக்கு வேலை கொஞ்சம் கூடுதல். ‘சின் கார்னே’ (கார்னே வேண்டாம்) என்று மட்டும் சொன்னால் கோழி வந்து சேரும். கோழியை அவர்கள் கார்னே கணக்கில் வைப்பதில்லை. அதனால் முழுசாகச் சொல்லுங்கள்: ‘நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ, நி கால்தோ தெ கார்னே.’ கடைசிப் பகுதி கறி வேகவைத்த நீரைக் குறிக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் காய்கறிச் சூப்பும் எலும்புச் சாற்றில்தான் இருக்கும்.

பீன்ஸிலும் மாட்டிக்கொள்வார்கள். ஃப்ரிஹோலெஸைப் பன்றிக்கால் அல்லது தோல் போட்டு வேகவைப்பது இங்கே பரவலான பழக்கம். பரிமாறும்போது துண்டை எடுத்துவிட்டுத் தருவார்கள், கண்ணுக்குத் தெரியாது. லென்தேஹாஸ் அதைவிடப் பாதுகாப்பு, ஆனால் அதிலும் சில நாள் சாசேஜ் கிடக்கும்.

முட்டை சாப்பிடுபவர் என்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ‘மெ காம்பியா லா கார்னே போர் உவேவோ?’ என்றால் கறிக்குப் பதில் பொரித்த முட்டை வைப்பார்கள். பெரும்பாலும் அதே விலை. முட்டையும் வேண்டாம், கறி பொரித்த சட்டியும் ஆகாது என்பவர்கள் இந்தக் கடைகளை விட்டுவிடுவது நல்லது. சப்பினேரோ பகுதியிலும் நகர மையத்திலும் இதே செட் முறையில் நடக்கும் சைவக் கடைகள் உண்டு. அங்கே நிம்மதியாகச் சாப்பிடலாம்.

6. உள்ளே போய் உட்காருவது

நுழையும்போது ‘புவேனாஸ்’ என்று பொதுவாகச் சொல்லுங்கள். யாரையும் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமல் உள்ளே போவது இங்கே முரட்டுத்தனம்.

இடம் காட்ட யாரும் வர மாட்டார்கள். காலி நாற்காலியில் உட்காரலாம். நாலு பேர் மேசையில் ஒருவர் மட்டும் இருந்தால் நாற்காலியைக் கைகாட்டிக் கேட்டுவிட்டு உட்காருங்கள், கூட்ட நேரத்தில் மேசையைப் பகிர்ந்துகொள்வது சகஜம். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம் ‘புவென் ப்ரோவேச்சோ’ என்று சொல்வது மரியாதை. எழுந்து போகும்போதும் அதையே சொல்லலாம்.

தெருவை ஒட்டிய மேசையில் போனை வைக்காதீர்கள். பையை நாற்காலி முதுகில் மாட்டாமல் மடியிலோ கால்களுக்கு நடுவிலோ வையுங்கள்.

7. ஆர்டர்

பரிமாறுபவர் அடுக்க ஆரம்பிக்கும் முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள். ‘பாரா மி, அஹியாக்கோ, லென்தேஹாஸ், போயோ.’ சூப், பிரின்சிப்பியோ, இறைச்சி என்ற வரிசையை மாற்றாதீர்கள். அவர் சமையலறைக்கு அந்த வரிசையில்தான் கத்தப்போகிறார். வரிசை கலைந்தால் அவர் மறுபடி முதலிலிருந்து கேட்பார், பதற்றம் அங்கேதான் தொடங்கும்.

சூப் இல்லாமல் தட்டு மட்டும் போதும் என்றால் ‘சோலோ லா பந்தேஹா’. கொஞ்சம் விலை குறையும். இதைப் ‘பந்தேஹா பைசா’வோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது அந்தியோகியா பகுதியின் பெரிய தட்டு: பீன்ஸ், சாதம், பன்றிக்கறி வறுவல், அரைத்த கறி, சோரிசோ (பன்றி சாசேஜ்), முட்டை, பழுத்த வாழை, அவகாடோ, அரேபா (சோளமாவு ரொட்டி) எல்லாம் ஒரே இடத்தில். தனி விலை, செட்டில் வராது. மாலையில் வேலை இருப்பவர்கள் அதை மதியம் தொடாதீர்கள். போகோட்டா 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊருக்கு வந்த முதல் நாளே அவ்வளவு கனமாகச் சாப்பிட்டால் படி ஏறும்போது தெரியும்.

அவகாடோ (‘அகுவாகாத்தே’), கூடுதல் முட்டை போன்றவற்றைக் கேட்டால் பில்லில் ஏறும். ‘அதிசியோனால்’ என்ற சொல் காதில் விழுந்தால் தனிக் காசு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

8. சூப்பும் அஹியும்

சூப் உடனே வந்துவிடும், சில கடைகளில் நீங்கள் நாற்காலியை இழுப்பதற்குள். அதை முழுவதும் குடித்து வயிற்றை நிரப்பிவிட்டுத் தட்டு வரும்போது விழிப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். அளவில் அது ஒரு முழுச் சாப்பாடு மாதிரி இருக்கும், ஆனால் இன்னும் பாதி பாக்கி. கிழங்கை மட்டும் கொஞ்சம் மிச்சம் வைத்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மேசையில் பச்சையாக ஒரு சிறு கிண்ணம் இருக்கும். அதுதான் ‘அஹி’: மிளகாய், வெங்காயத்தாள், கொத்தமல்லி, வினிகர். இல்லாவிட்டால் ‘மெ ரெகாலா அஹி?’ என்று கேளுங்கள், காசு கிடையாது. சூப்பில் ஒரு கரண்டி போட்டுக் கலக்கிச் சுவை பாருங்கள். காரம் கடைக்குக் கடை மாறும். ஒன்றில் தண்ணீர் மாதிரி இருக்கும், இன்னொன்றில் கண் கலங்கும்.

கிண்ணம் பொது என்பதால் எதையும் அதில் முக்கக் கூடாது. எம்பனாதா (உள்ளே கறி வைத்துப் பொரித்த சோளமாவுப் பண்டம்) வாங்கினாலும் இதே விதி. ஒரு கடி கடித்துவிட்டு, எம்பனாதாவில் கடித்த இடத்தில் கரண்டியால் அஹியை விட வேண்டும்.

9. தட்டு

சாதம், பிரின்சிப்பியோ, இறைச்சி, ஒரு பிடி சாலட், அப்புறம் ஒரு மாவுப்பொருள். மாவுப்பொருள் பத்தகோன் (வாழைக்காயைத் தட்டையாக நசுக்கி இரண்டு முறை பொரித்தது), மதூரோ (பழுத்த நேந்திரம் போன்ற வாழை, இனிக்கும்), யூக்கா எனும் மரவள்ளி, உருளைக்கிழங்கு என்று மாறும். மதூரோவைக் கடைசிக்கு ஒதுக்காதீர்கள். உப்புக் கறியோடு ஒரு வாய், இனிப்பு வாழையோடு ஒரு வாய் என்று மாற்றி மாற்றிச் சாப்பிடத்தான் அதை வைக்கிறார்கள். சூப்போடு தனியாக ஒரு வாழைப்பழம் வந்தால் அதையும் உணவோடுதான் சாப்பிடுவார்கள்.

சாதத்தை முள்கரண்டியால் சாப்பிடுவார்கள். கையால் பிசைந்தால் யாரும் தடுக்கப்போவதில்லை, ஆனால் மேசை முழுக்க உங்களையே பார்க்கும். அரேபா, பத்தகோன் இரண்டையும் தாராளமாகக் கையில் எடுக்கலாம். அரேபா தனியாகச் சப்பென்றுதான் இருக்கும், உப்புக் குறைவு என்று புகார் சொல்ல வேண்டாம். பயறுக் குழம்பில் தொட்டுச் சாப்பிடுங்கள்.

10. குடிப்பது

செட்டில் வரும் ஜூஸ் அன்றைய பழம் எதுவோ அது. தேர்வு கிடையாது. சில நாள் எலுமிச்சைச் சாறு கலந்த ‘அகுவாபனேலா’ வரும், கரும்பு வெல்லம் கரைத்த தண்ணீர்.

காசு கொடுத்துத் தனி ஜூஸ் வாங்கினால் ‘என் அகுவா ஓ என் லெச்சே?’ என்று கேட்பார்கள், தண்ணீரிலா பாலிலா. புளிப்புப் பழங்களான லுலோ, மராகுயா (பேஷன் பழம்) இரண்டையும் தண்ணீரில் கேளுங்கள். குவானாபனா (முள்சீத்தா), மோரா (கருப்பு பெர்ரி வகை) பாலில் நன்றாக இருக்கும். போகோட்டாவின் குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது, அதனால் தண்ணீர் ஜூஸைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை. சீனி தூக்கலாகப் போடுவார்கள். குறைக்க ‘போக்கோ அசூகார்’.

11. பில்

பில் தானாக வராது. சில கடைகளில் மேசையில் ‘மெ ரெகாலா லா குவென்தா?’ என்று கேட்கலாம். சின்னக் கடைகளில் எழுந்து கல்லாவுக்குப் போய் ‘குவான்தோ லெ தேபோ?’ என்று கேட்டால் வேலை சீக்கிரம் முடியும். என்ன சாப்பிட்டீர்கள் என்று அவர்கள் உங்களையே கேட்பார்கள், செட் என்றால் ‘உன் அல்முவெர்சோ’ என்று சொன்னால் போதும்.

டிப்ஸ் கட்டாயமில்லை. 2018ஆம் ஆண்டின் 1935ஆம் எண் சட்டப்படி அது வாடிக்கையாளர் விருப்பம். பெரிய உணவகங்களில் வழக்கமாகப் பத்து சதவீதத்தைச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள், வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும். தெருமுனைக் கடையில் அந்தக் கேள்வியே பெரும்பாலும் வராது. மீதிச் சில்லறையை விட்டுவிட்டு வந்தால் சந்தோஷப்படுவார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிடுங்கள். அரட்டைக்குப் பக்கத்து பேக்கரிக்குப் போய் ஒரு ‘தின்ட்டோ’ (பால் இல்லாத காபி) சொல்லிக்கொண்டு உட்காரலாம். பன்னிரண்டரை மணிக்கு ஒரு நாற்காலியை அரை மணி நேரம் பிடித்து வைத்தால், அந்தக் கடைக்கு இன்னொரு சாப்பாடு நஷ்டம்.

பார்சலுக்கு ‘பாரா யேவார்’. டப்பாவுக்குத் தனியாகக் கொஞ்சம் வாங்குவார்கள். சூப் இருக்கும் செட்டைப் பார்சல் வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏற வேண்டாம்.

12. மதியத்தைத் தவறவிட்டால்

காலையில் இதே கடைகளில் சில, ‘கால்தோ தெ கோஸ்தீயா’ தருகின்றன, மாட்டு விலாவெலும்பும் உருளைக்கிழங்கும் போட்ட சாறு. மாடு வேண்டாம் என்பவர்களுக்கு ‘உவேவோஸ் பெரிகோஸ்’, அதாவது தக்காளி வெங்காயம் போட்ட முட்டைப் பொரியல், கூடவே அரேபா. ‘சங்குவா’ என்று ஒன்று உண்டு: பாலும் தண்ணீரும் கொதிக்க வைத்து அதில் முட்டையை உடைத்து ஊற்றி, மேலே வெங்காயத்தாளும் கொத்தமல்லியும் தூவியது. முதல் தடவை இரண்டு பேர் ஒன்றைப் பகிர்ந்து பாருங்கள்.

இரவில் கொர்ரியெந்தாசோ கடைகள் அநேகமாக மூடியிருக்கும். திறந்திருப்பவை ‘அசாதேரோ’ எனப்படும் சுட்ட கோழிக் கடைகள். கால் கோழி (‘உன் குவார்தோ’) ஒருவருக்குப் போதும், உருளைக்கிழங்கும் அரேபாவும் சேர்ந்து வரும். இங்கே முள்கரண்டி தேட வேண்டாம். கையால்தான் சாப்பிடுவார்கள், அதற்கு மெல்லிய பிளாஸ்டிக் கையுறை தருவார்கள். தட்டோடு வராவிட்டால் ‘குவாந்தெஸ்’ என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.